மேட்டுப்புதூரைக் கொண்டுவந்து நிறுத்திய கதை

ஓலைப்பொட்டல்காரர்களை விவரமில்லாதவர்கள் என்று அக்கம்பக்கத்து ஊர்களில் சொல்லிக்கொள்வார்கள். அது அநியாயம். ஒரு காரியத்தைச் சொன்னால், சொன்னதில் ஓர் எழுத்துக் கூடாமல் குறையாமல் செய்து முடிக்கிற ஊர் அது. ஒரு தடவை தபால்காரர் போகிறபோக்கில், "மழை வருது, கதவைச் சாத்திட்டு உள்ள இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மழை அரைமணி நேரத்தில் நின்றுவிட்டது. கதவுகள் மூன்று நாள் கழித்து, அவர் மறுபடி தபாலோடு வந்தபோதுதான் திறந்தன. மழை நின்றால் திறக்கலாம் என்று அவர் சொல்லியிருக்கவில்லை.

இப்பேர்ப்பட்ட ஊருக்கு ஒரே ஒரு குறை. ரயில் தண்டவாளம் ஊரை ஒட்டியே போகும்; ரயில் நிற்காது. காலையில் ஒரு வண்டி கிழக்கேயிருந்து வந்து மேற்கே போகும். சாயங்காலம் அதே வண்டி மேற்கேயிருந்து வந்து கிழக்கே திரும்பும். இரண்டு வேளையும் ஓலைப்பொட்டல்காரர்கள் வரிசையாக நின்று கும்பிடுவார்கள். வண்டி நிற்பது மேற்கே மூன்று மைல் தள்ளி, மேட்டுப்புதூரில். அங்கே இறங்கி, கரிசல் காட்டு வழியே திரும்ப நடக்க வேண்டும். ஐப்பசி மழையில் அந்தக் கரிசல் மண்ணில் நடந்தவர்களுக்குத் தெரியும், காலைத் தூக்கினால் காலோடு நிலமும் சேர்ந்து வரும்.

இந்தக் குறை ஊருக்கெல்லாம் பொதுவென்றாலும், வெயிலுமுத்துவுக்கு மட்டும் அது நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது. அவன் மனைவி சீனித்தாய், அந்த ஐப்பசியில் பிறந்த வீட்டிலிருந்து வரும்போது, மேட்டுப்புதூரில் இறங்கி நடந்து, ஒரு செருப்பைப் பாதி வழியிலும் இன்னொன்றை முக்கால் வழியிலும் மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தாள். கால் கழுவினாள், தூங்கினாள், மறுநாள் விடிந்ததும் ஆட்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"வண்டி என்னைக்கு இந்த ஊர்ல நிக்குதோ, அன்னைக்கு நானும் இந்த ஊர்ல நிக்கேன்" என்று சொல்லிவிட்டு, பிறந்த வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டாள்.

வெயிலுமுத்துவைக் கூப்பிடவில்லை. ஆட்டைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலமே ஊர்க் கமிட்டி கூடியது. கமிட்டியில் நாலு பேர். தலைவர் அய்யலுசாமி நாயக்கர். ஊரிலேயே உரத்த குரல் அவருடையது என்பதால் தலைவர். மளிகைக்கடை தவசிக்கனி அண்ணாச்சி. கூட்டத்துக்கு வேண்டிய பொரிகடலை அவர் கடையில் இருந்ததால் உறுப்பினர். சுப்பக்கோனார் ஆறடிக்கு மேல் உயரம். தூரத்தில் வருகிற பிரச்சினைகள் அவர் கண்ணுக்கு முதலில் தெரியும் என்று சேர்த்திருந்தார்கள். வெயிலுமுத்து செயலாளர். ஊரில் பேனா வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான்.

ரயில்வேக்கு மனுப் போடுவதென்று தீர்மானம் ஆயிற்று. ரயில் வெள்ளைக்காரன் விட்டது, அதற்குத் தமிழ் தெரியாது, ஆகவே மனு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று அய்யலுசாமி கருதினார். வெயிலுமுத்து எட்டாம் வகுப்பை மூன்று வருஷம் படித்தவன். ஒரு தடவை படித்தவர்களுக்குத் தெரிவதைப்போல் மும்மடங்கு அவனுக்குத் தெரியும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவன் இப்படி எழுதினான்:

"வீ ஆர் மோர் தேன் தெம். வீ வாக் மோர் தேன் தெம். வீ சஃபர் மோர் தேன் தெம்."

இந்தத் தேன் மலைத்தேன் அல்ல. ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடும்போது ஆங்கிலத்தில் நடுவே ஊற்றுகிற தேன். மேட்டுப்புதூர்க்காரர்களைவிட நாங்கள் அதிகம் பேர், அவர்களைவிட அதிகம் நடக்கிறோம், அவர்களைவிட அதிகம் அவதிப்படுகிறோம் என்பது மனுவின் சாரம். கூடவே அவன் தன் பங்குக்கு, இதில் ஒரு குடும்பமும் அடங்கியிருக்கிறது என்று அடியில் தமிழில் எழுதி ஒட்டினான்.

ஒரு மாதத்தில் மனு திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி: ஒப்பீடு முழுமையாக இல்லை, முழுமை செய்து அனுப்பவும்.

அலுவலகத்தில் கேட்டது ஓர் அட்டவணை. இரண்டு ஊரிலும் எத்தனை தலை, எத்தனை பயணச்சீட்டு என்று இரண்டு கட்டம் போட்டு நிரப்பினால் தீர்ந்திருக்கும். ஆனால் அட்டவணை என்ற சொல் அந்த வரியில் இல்லை. இல்லாத சொல்லை ஓலைப்பொட்டல்காரர்கள் ஒருநாளும் படித்ததில்லை.

கமிட்டி மனுவை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தது.

"தப்பு 'தெம்'மில்தான் இருக்கணும்" என்றார் தவசிக்கனி. அவருக்கு ஓர் ஆதாரம் கிடைத்திருந்தது. வெல்லம் மடிக்க வாங்கிய பழைய காகிதத்தில் ஆங்கில இலக்கணத் தாள் ஒன்று வந்திருந்தது. அதில், அவன் என்னைவிட உயரம் என்று சொல்லும்போது 'தேன் ஐ' என்று வர வேண்டும், 'தேன் மீ' என்று வரக் கூடாது என்று போட்டிருந்தது. ஏன் என்பது தாளின் கீழ்ப்பாதியில் இருந்திருக்கும். கீழ்ப்பாதி கால் வீசை மல்லியோடு யாருடைய வீட்டுக்கோ போய்விட்டது.

"ஐயும் நான்தான், மீயும் நான்தான். பிறகு என்னத்துக்கு ரெண்டு?" என்று கேட்டார் சுப்பக்கோனார்.

"ஒண்ணு வீட்டுக்கு, ஒண்ணு வெளிய போறதுக்கு" என்றார் அய்யலுசாமி. வேட்டி விஷயத்தில் அவர் அப்படித்தான் வைத்திருந்தார். "ரயில் ஆபீசுக்குப் போறப்ப நல்லதைக் கட்டிட்டுப் போகணும். நாம வீட்டு 'தெம்'மைக் கட்டி அனுப்பிட்டோம்."

சரி, தெம்முக்கு வெளியே போகிற உடுப்பு எது? அது தவசிக்கனியின் தாளில் இல்லை. மேட்டுப்புதூரில் பாக்கியநாதன் சார் இருந்தார். முப்பத்தைந்து வருஷம் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர். தப்பான வாக்கியம் காதில் விழுந்தால் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்துவிடுவார் என்று பெயர். கமிட்டி மூன்று மைல் நடந்துபோய் அவர் வீட்டு வாசலில் நின்றது.

அவர் மனுவைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி படித்தார். பிறகு, முப்பத்தைந்து வருஷமாக யாரும் தாமாக வந்து கேட்காத ஒரு கேள்வியை நாலு பேர் நடந்து வந்து கேட்கிற சந்தோஷத்தில், ஆளுக்கொரு முக்காலி போட்டார்.

அவர் சொன்னது இதுதான். தேனுக்குப் பிறகு வாக்கியம் முடிந்துவிட்ட மாதிரி தெரியும், முடியவில்லை. ஒரு வினைச்சொல் அங்கே வராமல் நின்றுவிட்டது. அவன் உயரமாக இருக்கிறான், நான் இருக்கிறதைவிட. அந்த 'இருக்கிற'தைச் சேர்த்துப் பார்த்தால் 'தேன் ஐ ஆம்' என்று வரும். 'தேன் மீ ஆம்' என்று உலகத்தில் எவனாவது சொல்வானா?

வெயிலுமுத்து குனிந்துகொண்டான். மூன்று வருஷம் சொல்லியிருக்கிறான்.

நம் மொழியில் இந்தத் தொல்லை இல்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். என்னைவிட, உன்னைவிட, அவனைவிட, ஆட்டைவிட என்று யார் வந்தாலும் இரண்டாம் வேற்றுமையில் ஒரே பந்தியில் உட்கார வைத்துவிடுவோம். ஆங்கிலத்தில்தான் வருகிறவன் யார், எந்த வாசல் வழியாக வந்தான் என்று விசாரித்து இடம் போடுகிறார்கள்.

பாக்கியநாதன் சார் இன்னும் தெளிவாக்க ஓர் உதாரணம் தேடினார். வேலியோரத்தில் ஓர் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

"என் மனைவிக்கு என்னைவிட ஆட்டைப் பிடிக்கும். இதை 'தேன் ஐ'ன்னு முடிச்சா, நான் ஆட்டு மேல வச்சிருக்கிற பிரியத்தைவிட அவ வச்சிருக்கிற பிரியம் அதிகம்னு அர்த்தம். 'தேன் மீ'ன்னு முடிச்சா, அவ என் மேல வச்சிருக்கிறதைவிட ஆட்டு மேல வச்சிருக்கிற பிரியம் அதிகம்னு அர்த்தம். ஒரே வாக்கியம். குடும்பமே மாறிப்போகுது பாருங்க."

வெயிலுமுத்துவின் முகம் ஆடு மேய்ந்த வேலி மாதிரி ஆகிவிட்டது. "எது நிசம்னு எப்படிங்க சார் கண்டுபிடிக்க?" என்று கேட்டான்.

"ரொம்ப சுலபம். ஒப்பிடுறப்ப எதிர்ப்பக்கத்தைப் பாதியில விடக் கூடாது. முழுசாக் கொண்டுவந்து எதிரே நிறுத்திரணும். நிறுத்திட்டா எது சரின்னு தானாத் தெரியும். தெரிஞ்ச பிறகு வந்ததைத் திருப்பி அனுப்பிரலாம்."

நாலு பேரும் எழுந்து நின்று கும்பிட்டார்கள். அவர் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லையும் சிந்தாமல் ஊருக்கு எடுத்துக்கொண்டு போனார்கள்.

வெயிலுமுத்து அன்றே ஒரு கார்டு வாங்கி, "உனக்கு ஆட்டின் மேல் பிரியம் தேன் ஐயா, தேன் மீயா? தெரியப்படுத்தவும்" என்று சீனித்தாய்க்கு எழுதிப் போட்டான். எட்டாம் நாள் பதில் வந்தது. "ஆடு சுகம். வண்டி நிக்குதா?" என்று இருந்தது. எதிர்ப்பக்கத்தை முழுசாக நிறுத்தாதவரை எதுவும் தெரியாது என்று அவனுக்கு நிச்சயமாயிற்று.

இதற்குள் ஊரில் சட்டம் வந்துவிட்டது. ஒப்பிடுகிறவர்கள் பாதியில் விடக் கூடாது. எதிர்ப்பக்கத்தைக் கொண்டுவந்து நிறுத்திக் காட்ட வேண்டும். சுப்பக்கோனார் விளக்குக் கம்பத்தைவிட உயரம் என்று யாரோ வாய்தவறிச் சொல்ல, கம்பத்தைத் தோண்டி எடுத்து அவர் வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து நட்டார்கள். கம்பம் அவரைவிட இரண்டு முழம் உயரமாக இருந்தது. கோனார் ஒருவாரம் வெளியில் தலைகாட்டவில்லை. நேற்றைய காப்பியைவிட இன்றைய காப்பி தேவலை என்று சொல்லும் வழக்கம் ஒழிந்தது. நேற்றைய காப்பியைக் கொண்டுவர யாராலும் முடியவில்லை.

ஒருத்தி தன் மருமகளைப் பற்றி, புளியமரத்துப் பேயைவிட மோசம் என்று குழாயடியில் சொல்லிவிட்டாள். கமிட்டி கயிறு எடுத்துக்கொண்டு உச்சிவெயிலில் புளியமரத்தடியில் மூன்று நாள் காத்திருந்தது. பேய் வரவில்லை. ஆகவே, பேய் ஆஜராகும்வரை மருமகள் நல்லவள் என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்தத் தீர்மானத்தை அந்தப் பெண் கண்ணாடிச் சட்டம் போட்டு அடுப்படியில் மாட்டிவைத்தாள்.

ஆனால் பெரிய ஒப்பீடு பாக்கி இருந்தது. நாங்கள் அவர்களைவிட அதிகம் என்று ரயில்வேக்கு எழுதியாகிவிட்டது. அவர்களை முழுசாகக் கொண்டுவந்து எதிரே நிறுத்தியாக வேண்டும்.

"முழுசான்னா?" என்று கேட்டார் தவசிக்கனி.

"மேட்டுப்புதூர்" என்றார் அய்யலுசாமி.

"வீடு வாசலுமா?"

தலைவர் யோசித்தார். "அவங்கன்னுதான் எழுதியிருக்கோம். வீடுன்னு எழுதலை. ஆள் போதும்."

பழைய மனுவில் 'தெம்'மைத் 'தே' என்று திருத்தி, அதோடு சேர்த்து அனுப்ப வெயிலுமுத்து இரண்டாவது மனுவை எழுதினான். ஒப்பீடு முழுமை செய்யப்பட்டுவிட்டது, எதிர்ப்பக்கம் ஆவணி பத்தாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்கு ஓலைப்பொட்டல் களத்தில் நேரில் நிற்கும், வந்து பார்த்துக்கொள்ளவும். இப்படி ஒரு மனு அந்த அலுவலகத்துக்கு அதுவரை வந்ததில்லை. தண்டவாளத்தைப் பார்வையிட அந்தப் பக்கம் வரவிருந்த அதிகாரி ஒருவர், அதையும் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தாளைப் பையில் போட்டுக்கொண்டார்.

மேட்டுப்புதூர்க்காரர்களைக் கூப்பிடுவதில் சிரமம் இருக்கவில்லை. எதற்கு வரவேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். எதிரே நிற்பதற்கு என்று கமிட்டி உண்மையைச் சொன்னது. நின்றால் என்ன கிடைக்கும் என்று கேட்டார்கள். கறிச்சோறு என்று சுப்பக்கோனார் சொன்னார், ஆடுகள் அவருடையவை. ஆவணி பத்தாம் தேதி மேட்டுப்புதூர் வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டு வந்தது. பாக்கியநாதன் சாரும் வந்தார். தன் பாடம் எங்கே போய் நிற்கிறது என்று பார்க்கிற ஆவல் அவருக்கு.

களத்தின் நடுவே சுண்ணாம்பால் கோடு கிழித்திருந்தார்கள். கிழக்கே நாங்கள் என்பதற்கு 'வீ' என்று ஒரு பலகை, மேற்கே அவர்கள் என்பதற்கு 'தே' என்று ஒரு பலகை. தெம் என்று முதலில் எழுதியதை சார் சொன்னபடி அழித்துத் திருத்தியிருந்தான் வெயிலுமுத்து. இலக்கணம் சுத்தமாக இருந்தது. எல்லோரும் அவரவர் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். வெயிலுமுத்து நோட்டை எடுத்துக்கொண்டு எண்ணினான். நாங்கள் அறுநூற்று எண்பது. அவர்கள் ஆயிரத்து நூற்றுப் பத்து.

கமிட்டி வேப்பமரத்தடியில் அவசரமாகக் கூடியது.

"அவங்கதான் நம்மைவிட அதிகம்" என்றார் அய்யலுசாமி. "சார் சொன்னது நிசந்தான். கொண்டுவந்து நிறுத்துனதும் தானாத் தெரிஞ்சுபோச்சு."

"அப்ப வண்டி அவங்க ஊர்லதான் நிக்கணும்" என்றார் சுப்பக்கோனார்.

"அங்கதான நிக்குது" என்றார் தவசிக்கனி.

"அப்ப நம்ம கோரிக்கை நிறைவேறிருச்சு."

மூவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் குலுக்கிக்கொண்டார்கள். ரயில்வேக்கு நன்றி தெரிவித்துத் தீர்மானம் எழுதும்படி செயலாளரிடம் சொன்னார்கள். வெயிலுமுத்து பேனாவைத் திறந்தான். எழுத வரவில்லை. சீனித்தாயின் இரண்டு செருப்புகளும் மண்ணுக்குள்ளே எங்கேயோ கிடப்பது நினைவுக்கு வந்தது. மூடியைத் திருகி மூடினான். அவன் எழுதாத தீர்மானம் நிறைவேறாது. ஊரில் வேறு பேனா இல்லை. வாழ்நாளில் முதல் தடவையாக ஓலைப்பொட்டலில் ஒருவன் சொன்னதைச் செய்யாமல் இருந்தான்.

"முதல்ல சாப்பாடு போட்டுரலாம்" என்று மட்டும் சொன்னான்.

எந்தப் பக்கம் முதலில் பரிமாறுவது என்று சுப்பக்கோனார் கேட்டார். விருந்துக்கு வந்தவர்களுக்குத்தான் முதலில் என்று எந்த ஊரிலும் சொல்லிவிடுவார்கள். ஓலைப்பொட்டலில் அதற்கு எழுத்து வேண்டும். வெயிலுமுத்து மனுவில் எழுதியதை நினைத்துப் பார்த்தான். சந்தேகத்துக்கு இடமில்லாமல் பாக்கியநாதன் சாரிடமும் போய்க் கேட்டான்.

"சார், எது முதல்ல? வீயா, தேயா?"

"இந்த வாக்கியத்தில வீதான் முதல்ல" என்றார் சார், மேற்குப் பந்தியில் சம்மணம் போட்டபடி. "தேன் வந்த பிறகுதான் தே." இலை போட்டிருக்கிற நேரத்தில்கூட இலக்கணம் கேட்கிறானே என்று அவருக்குக் கண் கலங்கியது.

ஆகவே கிழக்குப் பந்தியில் பரிமாறத் தொடங்கினார்கள். சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது, கறி விழுந்தது. மேற்குப் பந்தியில் வெறும் இலை காற்றில் படபடத்தது. மூன்று மைல் நடந்து வந்த வயிறுகள் அவை. முதலில் ஒரு தையல்காரர் இலையைச் சுருட்டிக்கொண்டு எழுந்து, கோட்டைத் தாண்டி, கிழக்கே வந்து உட்கார்ந்தார். பின்னால் அவர் குடும்பம். அதற்குப் பின்னால் ஒரு தெரு. வாளியோடு வந்த சுப்பக்கோனார் தையல்காரரிடம் நின்று, நீங்கள் யார் என்று கண்டிப்பாகக் கேட்டார்.

"நாங்கதான்" என்றார் தையல்காரர், வாய் நிறைய.

நாங்கள் என்பவர்கள் கிழக்கே உட்கார வேண்டியவர்கள்தான். கோனார் இரண்டு துண்டு சேர்த்துப் போட்டார்.

கால் மணி நேரத்தில் மேற்குப் பந்தி முழுக்கக் கிழக்கே வந்துவிட்டது. ஒரே ஓர் இலை மட்டும் அங்கே பாக்கி. அதன் முன்னால் பாக்கியநாதன் சார் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் வந்துவிடும்படி வெயிலுமுத்து கெஞ்சிப் பார்த்தான்.

"தம்பி, நான் தே" என்றார் அவர். "பசிக்குதுங்கிறதுக்காக வீ ஆக முடியாது."

அந்த நேரத்தில்தான் அதிகாரி தண்டவாளத்தில் ட்ராலி வண்டியில் வந்து இறங்கினார். மேற்கே போய்த் திரும்புகிற வழியில் மேட்டுப்புதூரைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். அங்கே தெருத்தெருவாகப் பூட்டிய வீடு; ஒரு நாய் எழுந்து நின்று அவரைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. இங்கே களம் கொள்ளாத கூட்டம்.

"இவங்கல்லாம் யாரு?" என்று கேட்டார்.

"நாங்க சார்" என்றார் அய்யலுசாமி.

"மேட்டுப்புதூர்க்காரங்க?"

அய்யலுசாமி மேற்கே கையைக் காட்டினார். "அவர்தான் சார் அவங்க."

அதிகாரி கோட்டைத் தாண்டி, தனியாக உட்கார்ந்திருந்த பெரியவரிடம் போனார். இவர்கள் மனுவில் எழுதியிருப்பது சரிதானா என்று மரியாதையாக விசாரித்தார். பாக்கியநாதன் சார் எழுந்து நின்று, வாக்கியம் பழுதற்றது என்றும், முதல் பிரதியில் இருந்த பிழை தம் கண்பார்வையிலேயே திருத்தப்பட்டது என்றும் ஆங்கிலத்தில் சாட்சி சொன்னார். தலைக்கணக்கு பற்றிக் கேட்டபோது, தாம் கணக்கு வாத்தியார் அல்ல என்றார்.

அதிகாரி குறித்துக்கொண்டார். நாங்கள் ஆயிரத்து எழுநூற்று எண்பத்தொன்பது. அவர்கள் ஒன்று. பிறகு அதிகாரியையும் கிழக்கே உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார்கள். கடைசியாகப் பரிமாறுகிறவர்கள் மேற்குப் பந்திக்கு வந்து சேர்ந்தபோது ரசம் மட்டும் இருந்தது. சார் அதைக் குடித்துவிட்டு, ஒழுங்கு தவறாத மனிதராக வீடு திரும்பினார்.

இருபது நாளில் உத்தரவு வந்தது. ஐப்பசி முதல் தேதியிலிருந்து இரண்டு வேளையும் வண்டி ஓலைப்பொட்டலில் ஒரு நிமிஷம் நிற்கும். வெயிலுமுத்து உத்தரவின் நகலைக் கார்டில் எழுதி அனுப்பினான். மறு தபாலில் பதில் வந்தது: "ஒண்ணாந்தேதி காலை வண்டியில் வாறேன். ஆடும் வருது. ரெண்டு குட்டி போட்டிருக்கு."

அவன் வீட்டுக்கு வெள்ளையடித்தான். புதுச் செருப்பு ஒரு ஜோடி வாங்கிக் கண்படும் இடத்தில் வைத்தான்.

ஐப்பசி பிறப்பதற்கு முந்தின நாள் கமிட்டி கூடியது. நாளை வண்டி நம் ஊரில் நிற்கப்போகிறது. சரியாக நிற்கிறதா என்று யார் சொல்வது? எப்படி நின்றால் சரி? மேட்டுப்புதூரில் நிற்கிறதோடு ஒப்பிட்டால்தான் தெரியும். அதற்கு அங்கே போக வேண்டும் என்றார் அய்யலுசாமி. பாதிப் பேர் இங்கே நின்றுகொள்ளலாமே என்று வெயிலுமுத்து மெல்லச் சொன்னான்.

"பாதியில விடக் கூடாதுன்னு சார் சொன்னதை நீதான தம்பி எழுதிவச்ச" என்றார் சுப்பக்கோனார்.

அவன் எழுதிவைத்ததுதான். மேலும், வண்டி எத்தனை நிமிஷம் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளப் பேனா வேண்டும். அவன் போகாமல் எப்படி?

ஐப்பசி முதல் தேதி காலையில், நல்ல தூறலில், ஓலைப்பொட்டல் வீட்டைப் பூட்டிக்கொண்டு மூன்று மைல் நடந்து மேட்டுப்புதூர் போய்ச் சேர்ந்தது. வண்டி வந்தது. நின்றது. வெயிலுமுத்து பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்தான். சீனித்தாய் இல்லை. ஆடும் இல்லை. வண்டி புறப்பட்டது. "ரெண்டு நிமிஷம்" என்று நோட்டில் எழுதிக்கொண்டான்.

திரும்ப மூன்று மைல் நடந்து, முழங்கால் வரை கரிசல் மண்ணோடு அவன் ஊருக்குள் நுழைந்தபோது, தண்டவாளத்தை ஒட்டிப் புதிதாகப் போட்டிருந்த சிமெண்டு மேடையில் ஒரு டிரங்குப் பெட்டி. பெட்டியின் மேல் சீனித்தாய். பக்கத்தில் ஆடு, இரண்டு குட்டிகள். மேடையிலேயே இறங்கியதால் அவள் காலில் ஒரு பொட்டு மண் இல்லை.

"வந்து மூணு மணி நேரமாச்சு" என்றாள். "ஊர்ல ஒரு ஈ காக்கா இல்லை. எங்க போனீக?"

எங்கே போனார்கள், எதற்குப் போனார்கள் என்று அவன் ஆதியிலிருந்து சொன்னான். மனு, தெம், தே, பாக்கியநாதன் சார், கறிச்சோறு எல்லாம் சொன்னான். பின்னால் வந்த கமிட்டி விட்டுப்போன இடங்களை நிரப்பிக்கொடுத்தது. சீனித்தாய் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் சுப்பக்கோனார் அவளிடம், வண்டி இங்கே எத்தனை நிமிஷம் நின்றது தாயி என்று விசாரித்தார்.

"ஒரு நிமிஷம்."

"அங்க ரெண்டு" என்று வெயிலுமுத்து நோட்டைப் புரட்டிக் காட்டினான். ஒப்பீடு ஒருவழியாக முழுமை பெற்றதில் கமிட்டிக்குப் பெருமூச்சு வந்தது.

சீனித்தாய் எழுந்து நின்றாள். ஒரு வருஷத்துக் கோபமும் மூன்று மணி நேரத்துக் கோபமும் சேர்ந்து அவள் குரலில் இறங்கின.

"கட்டுன பொண்டாட்டி வாறான்னு தெரிஞ்சும், நோட்டைத் தூக்கிக்கிட்டு அங்க போயிருக்கீக. என்னைவிட அந்த மனுதான் உங்களுக்குப் பெரிசா?"

வெயிலுமுத்து வாயைத் திறந்தான். இல்லை என்று சொல்லத்தான் திறந்தான். அதற்குள் கமிட்டி மூன்று பேரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் சீனித்தாய் எதிரே நிற்கிறாள். மறுபக்கம் நிற்க வேண்டிய மனு, ரயில்வே அலுவலகத்தில் கோப்புக்குள் கிடக்கிறது. இப்படிப் பாதியில் ஒரு பதிலைச் சொல்லி, மறுபடியும் குடும்பத்தைக் கெடுத்துக்கொள்ள அவன் தயாராக இல்லை.

"இங்கயே இரு சீனித்தாயி. கொண்டாந்துர்றேன்" என்றான்.

ரயில்வே அலுவலகம் கிழக்கே நாற்பது மைல். சாயங்கால வண்டியைப் பிடித்தால் மறுநாள் திரும்பிவிடலாம். எங்கே ஏறுவது என்பதில் கமிட்டிக்கு இரண்டு கருத்து இல்லை. இங்கே ஒரு நிமிஷம்தான் நிற்கிறது, அங்கே இரண்டு நிமிஷம். அவசரமாகப் போகிறவனுக்கு அதிக நேரம் நிற்கிற இடம்தானே நல்லது? வெயிலுமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வந்த வழியே கரிசல் மண்ணில் இறங்கி மேட்டுப்புதூருக்கு நடந்தான்.

சீனித்தாய் அதே பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். வீட்டுச் சாவி அவன் இடுப்பில் போய்க்கொண்டிருந்தது.

சாயங்காலம் மேற்கேயிருந்து வண்டி வந்தது. உத்தரவுப்படி ஓலைப்பொட்டலில் நின்றது. அவளுக்கு நேர் எதிரே நின்ற ஜன்னலில் வெயிலுமுத்து உட்கார்ந்திருந்தான். ஊர், மேடை, வரிசையாகக் கும்பிடுகிற ஜனங்கள், ஆடு, குட்டிகள், மனைவி என்று எல்லாவற்றையும் ஒரு நிமிஷம் கண்குளிரப் பார்த்தான். வண்டி நகரத் தொடங்கியதும் தலையை வெளியே நீட்டினான்.

"சீனித்தாயி, நம்ம ஊர்ல வண்டி நிக்குது" என்றான். "இப்பத்தான் கண்ணால பாத்தேன்."